‘ஃபைன் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார்கள், கட்டிவிடலாமா?’

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். இவர் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். ஒரே மகன், கோவையில் கல்லூரி முடிக்கப் போகிறான். 13 மாதங்களுக்கு முன் ஓர் இரவு, நண்பர்கள் இருவரோடு பைக்கில் வந்தவனை வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். பைக்கின் டேங்க் கவரில் ஒரு கஞ்சா பொட்டலம், 22 கிராம். பைக் நண்பனுடையது. மூன்று பேர் மீதும் வழக்கு. மகன் ஏ3, அதாவது மூன்றாவது குற்றம் சாட்டப்பட்டவன். மறுநாள் காலை ஸ்டேஷன் பெயிலில் விட்டார்கள். இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. அடுத்த மாதம் வாய்தா.

மகன், “சனி ஞாயிறுகளில் ஃபிரெண்ட்ஸோடு சேர்ந்து இழுப்பேன், அந்த ராத்திரியோடு விட்டுட்டேன்” என்கிறான். நம்புவதா வேண்டாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பா அன்றிலிருந்து மகனோடு பேசவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவதும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்ன போதை மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதம் பூட்டி வைத்துவிடலாம் என்பது அவர் முடிவு. மகனுக்கோ எஸ்.ஐ. தேர்வு எழுத ஆசை. அது நடக்காவிட்டால் சிங்கப்பூரில் இருக்கும் பெரியம்மா மகனிடம் போய்விடலாம் என்று ஒரு யோசனை.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு கிலோ வரை வைத்திருந்தால் குற்றமே இல்லை என்கிறார் ஒருவர். 2021லேயே மத்திய அரசு தண்டனையை எடுத்துவிட்டது என்கிறார் இன்னொருவர். மாஜிஸ்திரேட் இல்லாமல் சோதனை போட்டதால் கேஸ் நிற்காது என்கிறார் மற்றொருவர். எல்லாரும் சேர்ந்து கடைசியாகச் சொல்வது, “அன்னைக்குப் போய் ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடுங்க, முடிஞ்சுடும்.” கடிதத்தின் கடைசி வரியை அப்படியே தருகிறேன்: “சொந்தமாகப் பிடிப்பதற்கு வைத்திருந்தால் ஜெயிலே வேண்டாம் என்று பல நாடுகளில் சட்டம் மாற்றிவிட்டார்களாமே, இங்கே மட்டும் ஏன் என் பிள்ளை குற்றவாளி?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு, கொஞ்சம் கோபமும் உண்டு. ஆனால் அதற்கு முன் அந்த ஃபைன் விஷயத்தைப் பேசிவிட வேண்டும். வாய்தாவுக்கு அதிக நாள் இல்லை. இந்த முழுக் கடிதத்திலும் உங்கள் மகனுக்கு அதிகம் கெடுதல் செய்யக்கூடியது அந்த ஒரு அறிவுரைதான்.

ஒரு கிலோ என்பது அனுமதி அல்ல

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985ல் வந்தது. கஞ்சாவை எந்த அளவு வைத்திருந்தாலும் அதன்படி குற்றம்தான். அளவைப் பொறுத்துத் தண்டனை மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’. 20 கிலோவுக்கு மேல் போனால் ‘வணிக அளவு’. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், வணிக அளவுக்குக் கீழே என்றால் 10 ஆண்டு வரை. வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. உங்கள் மகனின் எஃப்.ஐ.ஆரில் பிரிவு 8(சி), 20(பி)(ii)(ஏ) என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்தக் கடைசி ‘ஏ’ தான் சிறு அளவைக் குறிக்கிறது. ஒரு கிலோ என்ற கணக்கை யாரோ பாதி கேட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

2021 செய்தியும் பாதி உண்மைதான். சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறு அளவில் வைத்திருப்பவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த ஆண்டு மத்திய சமூக நீதி அமைச்சகம் பரிந்துரைத்தது நிஜம். அது செய்தியானதும், சட்டமே மாறிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தமும் நிறைவேறியது. ஆனால் அது வேறு விஷயம். 2014 திருத்தத்தின்போது ஒரு பிரிவின் எண் தவறாக நின்றுவிட்டதைத் திரிபுரா உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது, அந்தப் பிழையைச் சரிசெய்தார்கள். உங்கள் மகன் மீதான பிரிவை யாரும் தொடவில்லை. சொல்லப்போனால் அதற்கு முன்பு நடந்தது நேரெதிர். 2014 வரை சிறு அளவுக்கு அதிகபட்சம் ஆறு மாதம்தான் தண்டனை. அந்தத் திருத்தம்தான் அதை ஓராண்டாக்கியது.

மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை என்பது பிரிவு 50ல் வருகிறது. ஒருவர் உடம்பைச் சோதனை போடும்போது, “கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால்தான் சோதனை வேண்டும்” என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு, அதை அவரிடம் சொல்லவும் வேண்டும். ஆனால் பொட்டலம் கிடைத்தது பைக் கவரில். பைக்கும் பையும் உடம்பு ஆகாது. இதை நம்பி வழக்கு தானாக விழுந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

அந்த மூன்று நிமிடம்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலை பத்தரை மணிக்கு மேல் போய் நின்று பார்த்தால் தெரியும். டவாலி பெயரைக் கூப்பிடுவார். பையன் ஓடி வந்து கை கட்டி நிற்பான். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். “ஒத்துக்கறேங்கய்யா.” அபராதத் தொகையைச் சொல்வார்கள். கவுன்ட்டரில் கட்டி ரசீது வாங்கினால் அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். மூன்று நிமிடம்கூட ஆகாது. வெளியே வந்ததும் டீக்கடையில் எல்லார் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அப்படி ஒரு ரசீதை எடுத்து மேஜை மேல் விரித்தார். மடிப்பில் மை அழிந்து தொகையே சரியாகத் தெரியவில்லை. காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு எல்லாம் தேறிவிட்டார். போலீஸ் வெரிஃபிகேஷனில் நின்றுபோனது. “ஃபைன் கட்டி கேஸ் முடிஞ்சுபோச்சே சார், ரசீதுகூட இருக்கு” என்றார். கேஸ் முடிந்தது உண்மை. ஆனால் எப்படி முடிந்தது? ‘குற்றவாளி’ என்ற தீர்ப்போடு முடிந்தது. அவர் கையிலிருந்தது அபராத ரசீது மட்டுமல்ல, குற்றம் நிரூபணமானதற்கான சாட்சியும் அதுவே. யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால் குற்றவாளி என்று பதிவாவது. அப்படி ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டுக்கும் பெரிதாக இடம் கிடையாது. தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி சரியில்லை என்பதை மட்டும்தான் கேட்க முடியும். அதோடு, இந்தச் சட்டத்தில் ஒருமுறை தண்டனை பெற்றவர் மறுபடி மாட்டினால், பிரிவு 31ன்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகிறது. இன்றைக்கு 5,000 ரூபாயோடு போகிறது என்று நினைப்பது, நாளைக்கு வேறொரு கணக்கில் வந்து உட்காரும்.

ஒப்புக்கொள்வது எப்போதுமே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொந்தத் தொழில் செய்கிறவர், அரசு வேலையோ வெளிநாடோ நினைப்பில் இல்லாதவர், வாய்தாவுக்கு அலைந்து கூலியை இழக்க முடியாதவர், எல்லாம் தெரிந்து அந்த வழியை எடுத்தால் அது அவர் முடிவு. உங்கள் மகன் நிலைமை அது இல்லை.

வழக்கை நடத்தினால் என்ன ஆகும்?

முதலில் ஒரு தேதியைப் பாருங்கள். ஓராண்டு வரை மட்டுமே சிறைத்தண்டனை உள்ள குற்றங்களில், பழைய சட்டப்படி சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டும். அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவிலும் அதே ஓராண்டுதான், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியைக் கணக்கில் எடுக்கிறது, அதனால் எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால் இந்த வாதம் கைகொடுக்காது. உங்கள் மகன் பிடிபட்டு 13 மாதங்கள் ஆகின்றன. குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தில் நீதிமன்ற முத்திரையும் அது தாக்கலான தேதியும் இருக்கும். இன்ஸ்பெக்டர் கையெழுத்துக்குக் கீழே உள்ள தேதியைப் பார்க்காதீர்கள், கோர்ட் முத்திரைத் தேதியைப் பாருங்கள். எந்தச் சட்டம் பொருந்தும் என்று வக்கீலிடம் கேளுங்கள்; பழைய சட்டம் பொருந்தி, அந்தத் தேதி ஓராண்டைத் தாண்டியிருந்தால் வக்கீல் முதல் வேலையாக அதை எழுப்ப வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது, அதனால் இது நிச்சய வெற்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஃபைன் கட்டச் சொன்னவர்களில் ஒருவராவது அந்த முத்திரையைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

அடுத்தது, பொட்டலம் யாருடையது என்பது. நண்பனின் பைக், நண்பனின் டேங்க் கவர், பின்னால் உட்கார்ந்து வந்தவர்களில் ஒருவன் உங்கள் மகன். ‘வைத்திருந்தான்’ என்று சொல்ல, பொருள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது அவன் கட்டுப்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும். மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பத்திரத்தில், யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், யாரிடமிருந்து கைப்பற்றியதாக எழுதியிருக்கிறது, தடய அறிவியல் ஆய்வறிக்கை வந்ததா, அதில் கஞ்சா என்று உறுதியாகியிருக்கிறதா, எல்லாவற்றையும் வக்கீல் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சாதாரண வழக்குகளில் குற்றத்தை நிரூபிப்பது முழுக்க போலீஸ் பொறுப்பு. இந்தச் சட்டத்தில் பிரிவு 35, 54 என்று இரண்டு இருக்கின்றன. பொருள் அவன் வசம் இருந்தது என்று அடிப்படையை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். போலீசிடம் அவன் என்ன எழுதிக்கொடுத்தான் என்று பயப்படுகிறீர்கள். போதைப்பொருள் வழக்குகளில் அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். ஆகவே அந்தக் காகிதத்தை நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள்.

எஸ்.ஐ. ஆசையைப் பற்றி உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாடு காவல் பணி விதிகள் மிகக் கண்டிப்பானவை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானவரைக்கூட ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே கருதும் விளக்கம் அதில் இருக்கிறது. அதனால் விடுதலை வாங்கினாலும், தீர்ப்பில் என்ன வாசகம் இருக்கிறது என்பது முக்கியம். காலம் கடந்தது என்றோ, அடிப்படையே இல்லை என்றோ வழக்கு ரத்தானால் வாதாட இடம் அதிகம். ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினால் வாதாடவே இடமில்லை. ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: எந்த விண்ணப்பத்திலும் வழக்கு இல்லை என்று எழுத வேண்டாம். மறைத்தார் என்பதே தனியாக வேலையைப் பறிக்கும்.

பாஸ்போர்ட்டுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. வழக்கு நடக்கும்போது வேண்டுமென்றால் நீதிமன்றத்தின் அனுமதி வாங்கி விண்ணப்பிக்கலாம்.

மறுவாழ்வு இல்லமும் 64ஏ பிரிவும்

இதே சட்டத்துக்குள் பலருக்கும் தெரியாத ஒரு கதவு இருக்கிறது, பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையான ஒருவர் சிறு அளவு வழக்கில் சிக்கினால், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்கு அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடலாம். நம் கோர்ட்டுகளில் இதை யாராவது கேட்டுப் பார்ப்பதே அபூர்வம். இதுவே குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு என்றால், பிரிவு 39ன்படி சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும்படி கேட்கலாம்.

ஆனால் இரண்டு கதவுகளும் ‘அடிமையானவர்’ என்ற சொல்லின் மேல்தான் நிற்கின்றன. வார இறுதியில் நண்பர்களோடு இழுத்தவன் அந்தச் சொல்லுக்குள் வருவானா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நானோ அவன் அப்பாவோ அல்ல. வழக்கிலிருந்து தப்பிக்க இல்லாத அடிமைத்தனத்தை எழுதி வாங்காதீர்கள். அந்தச் சொல்லும் பதிவாகும். அமெரிக்க விசா விண்ணப்பத்தில், போதைப்பொருள் சட்டத்தை மீறியதுண்டா என்று ஒரு கேள்வியும், போதைக்கு அடிமையாக இருந்ததுண்டா என்று தனியாக இன்னொரு கேள்வியும் இருக்கின்றன.

மருத்துவர், ஆமாம், இவனுக்குச் சிகிச்சை தேவை என்று சொன்னால் தயங்காதீர்கள். 64ஏ அப்போது சட்ட வழி மட்டுமல்ல, பிள்ளையின் உடம்புக்கும் நல்லது. சின்ன வயதில் அதிகமாகப் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 14446 என்ற இலவச எண்ணில் அழைத்து, பக்கத்தில் எந்த அரசு மையம் இருக்கிறது என்று கேட்கலாம்.

அப்பா சொல்லும் ஆறு மாதப் பூட்டு வேண்டவே வேண்டாம். உங்கள் மகனுக்கு 21 வயது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். அவன் சம்மதம் இல்லாமல், சட்டம் சொல்லும் மருத்துவக் காரணமும் முறையும் இல்லாமல், அடைத்து வைப்பது சட்டவிரோதம். 64ஏ பிரிவு கேட்பது ‘தானாக முன்வந்து’ எடுக்கும் சிகிச்சையை. பூட்டிய அறையில் இருந்துவிட்டு அதைக் காட்டி நீதிமன்றத்தில் பலன் கேட்கவும் முடியாது.

அதே 22 கிராம்

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி.

அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் 2001லிருந்து, சொந்தப் பயன்பாட்டுக்குப் பத்து நாள் தேவைக்குள் வைத்திருந்தால் அது குற்ற வழக்கு ஆகாது. கஞ்சாவுக்கு அந்த அளவு 25 கிராம். பொருளைப் பறிமுதல் செய்துவிட்டு ஒரு குழுவின் முன் அனுப்புவார்கள். அங்கே நீதிபதி கிடையாது. மருத்துவம், உளவியல், சமூகப்பணி தெரிந்தவர்கள் உட்கார்ந்து, இவனுக்குச் சிகிச்சை தேவையா, அறிவுரை போதுமா என்று பேசுவார்கள். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயதானவர்கள் 25 கிராம் வரை வெளியில் எடுத்துச் செல்லலாம். தாய்லாந்து 2022ல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்த பிறகு, 2025ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திருப்பிக் கட்டினார்கள்.

சிங்கப்பூருக்குப் போங்கள். அங்கே 15 கிராமைத் தாண்டினாலே அவன் விற்பதற்கு வைத்திருந்ததாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று அங்கே ஒரு தமிழரைத் தூக்கிலிட்டார்கள். நம் சட்டத்தில் ‘சிறு அளவு’ முடியும் இடத்தில் அங்கே உயிர் போயிருக்கிறது. பெரியம்மா மகனிடம் போகும் யோசனை இருந்தால் இந்தப் பத்தியை உங்கள் மகனிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அமெரிக்காவிலும் பல மாநிலங்கள் கஞ்சாவைத் திறந்துவிட்டாலும் மத்தியச் சட்டம் இன்னும் தடைதான் சொல்கிறது. விசா கொடுப்பது மத்திய அரசு.

நம் சட்டத்துக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. கஞ்சா என்று அது சொல்வது பூத்த, காய்த்த நுனிகளை. தனியாக உள்ள இலையை அது சேர்க்கவில்லை. அதனால்தான் காசியில் அரசு உரிமம் பெற்ற கடையில், அந்த இலையில் செய்யும் பாங்கு என்ற போதைப்பொருளை விற்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனை அரசுக்காக எடுத்து 2019ல் வெளியான கணக்கெடுப்பில், ஓராண்டில் பாங்கு எடுத்தவர்கள் சுமார் 2.2 கோடிப் பேர், கஞ்சாவோ அதன் பிசினான சரஸோ எடுத்தவர்கள் சுமார் 1.3 கோடிப் பேர். ஒரே செடி. இலை எடுத்தவர் பண்டிகை கொண்டாடுகிறார், பூ எடுத்தவர் சம்மன் வாங்குகிறார்.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறு அளவு வைத்திருந்ததற்குக் குற்றத் தண்டனை இருக்கக் கூடாது. கடைபோட்டு விற்க அனுமதிக்கச் சொல்லவில்லை. தண்டனையை நீக்குவது வேறு, விற்பனையைத் திறந்துவிடுவது வேறு. இரண்டையும் குழப்பித்தான் நம் ஊரில் இந்தப் பேச்சே நின்றுபோகிறது. கல்லூரி வாசலில் பொட்டலம் போடுகிறவனைப் பிடிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 20ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், அதில் விற்றவனும் வைத்திருந்தவனும் ஒரே வரியில் நிற்கிறார்கள். 900 கிராம் வைத்து விற்றவனுக்கும் 22 கிராமோடு பைக் பின்னால் உட்கார்ந்து வந்தவனுக்கும் ஒரே ‘ஏ’. சட்டப் புத்தகத்தில் தண்டனை ஓராண்டு என்று இருக்கிறது. நிஜத்தில் அந்தப் பிள்ளைகள் அனுபவிப்பது வெரிஃபிகேஷன் மேஜையில் வருஷக்கணக்காக நீளும் தண்டனை. அதற்கு எந்தப் பிரிவிலும் அளவு எழுதவில்லை. இதில் யாருக்கும் ஒரு நாள்கூட போதை குறையவில்லை.

ஆனாலும் சகோதரி, சட்டம் மாறும் என்பதை நம்பி இந்த வழக்கை நடத்த முடியாது. உங்கள் மகன் நிற்பது இன்றைய சட்டத்தின் முன்னால். “வெளிநாட்டில் லீகல்” என்று அவன் கோர்ட் வளாகத்தில் யாரிடமும் பேச வேண்டாம்.

வாய்தாவுக்கு முன்

எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, மகஜர், ஆய்வறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். செலவில்லாமல் தருவது நீதிமன்றத்தின் கடமை. முதல் வாய்தாவில், “நகல் வாங்கிப் படித்துவிட்டுச் சொல்கிறோம்” என்று அவகாசம் கேட்டால் போதும். அன்றே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மற்ற இரு பையன்களின் வக்கீலையே உங்கள் மகனுக்கும் வைக்காதீர்கள். பொட்டலம் யாருடையது என்ற கேள்வியில் மூவரின் நலனும் ஒன்றல்ல. வக்கீல் ஃபீஸ் கொடுக்க வசதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். உதவி எண் 15100.

வக்கீல் கிடைத்ததும் இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள். பயன்படுத்தியதற்கான பிரிவு 27 தனி. அந்தப் பிரிவில் தண்டனை பெற்றால், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடும் நன்னடத்தைச் சட்டத்தின் பலனைக் கேட்கலாம். பிரிவு 20ல் தண்டனை பெற்ற, 18 வயது தாண்டியவருக்கு அது கிடையாது. குற்றச்சாட்டு எந்தப் பிரிவில் வனையப்படுகிறது என்பதில் அவர் கவனமாக இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் தண்டனை என்று வந்தால், அது எந்தப் பிரிவில் வருகிறது என்பதே அவன் எதிர்காலத்தில் பெரிய வித்தியாசம்.

வாய்தா அன்று அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உள்ளே வந்து எதுவும் பேச வேண்டியதில்லை. பெயர் கூப்பிடும்வரை வராண்டாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். காலையில் கிளம்பும் முன் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கோர்ட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது.